குண்டு எழுத்து, குறும்பு எழுத்து: தமிழ்ல ஒரு டிஸ்ப்ளே ஃபாண்ட் வரையறதுல இருந்து ரேடியம் ஸ்டிக்கர் வரைக்கும்

குண்டா ஒரு டிஸ்ப்ளே ஃபாண்ட், அதாவது தலைப்புக்கும் போர்டுக்கும்னே பெருசா போடற ஃபாண்ட், பண்றது கஷ்டமே இல்ல. இருக்கற எழுத்தை எடுத்து சாப்ட்வேர்ல ஆஃப்செட் (சுத்தி ஒரே அளவுக்கு தடிப்பு) குடுத்தா அஞ்சு நிமிஷத்துல உப்பிடும். ஆனா அப்படி உப்பின ண-வை ஒரு தடவை பாருங்க, மூணு சுழியும் அடைச்சுப் போய் ஒரு கருப்புக் கட்டியா நிக்கும், பக்கத்துல ன-வும் அதே மாதிரி நிக்கும், ரெண்டுல எது எதுன்னு சொல்றவனுக்கு பரிசே குடுக்கலாம். இங்கிலீஷ்ல சிக்கல் பண்ற லெட்டர்னா எஸ், ஜி, சின்ன ஏ, அவ்வளவுதான். தமிழ்ல சிக்கல் எல்லாம் சுழியிலதான் இருக்கு. அதனால இந்த வழிகாட்டி முழுக்க நான் ஒரே இடத்துக்குத்தான் சுத்திச் சுத்தி வரப்போறேன்: உங்க ண எவ்வளவு குண்டா இருந்தும் படிக்க வருதோ, அவ்வளவுதான் உங்க ஃபாண்ட்டும் குண்டா இருக்க முடியும்.

ஃபாண்ட் வரையப் போறவங்களுக்கும் சரி, யாரோ வரைஞ்சதை எடுத்து போஸ்டர் பண்றவங்களுக்கும் சரி, ரெண்டு பேருக்குமே இதுல வேலை இருக்கு. போஸ்டர் மட்டும்தான் பண்றேன்னா "இனி பயன்படுத்தறவங்களுக்கு"ங்கற பகுதிக்கு தாவிடுங்க, ஆனா அதுக்கு முன்னாடி இருக்கறதை படிச்சா ஏன் சில ஃபாண்ட் பிரிண்ட்ல சொதப்புதுன்னு புரியும்.

வரையறதுக்கு முன்னாடி, இருக்கறதை பாருங்க

கூகுள் ஃபாண்ட்ஸ்ல ஃப்ரீயாவே நல்ல சரக்கு இருக்கு. மும்பையில இருக்கற எக் டைப் பண்ணின பாலூ தம்பிதான் நம்ம சப்ஜெக்ட்டுக்கு சரியான உதாரணம். இதுக்கு கன்னடத்துல பாலூ தம்மா, தெலுங்குல பாலூ தம்முடு, மலையாளத்துல பாலூ சேட்டன், பெங்காலியில பாலூ தா, பஞ்சாபியில பாலூ பாஜின்னு ஒரு கூட்டுக்குடும்பமே உண்டு. முதல்ல ஒரே குண்டு வெயிட்ல (வெயிட்னா எழுத்தோட தடிமன் அளவு) வந்துச்சு, அப்புறம் பாலூ தம்பி 2-ன்னு 400-லேர்ந்து 800 வரைக்கும் அஞ்சு வெயிட்டா வந்துச்சு. அதே டீமோட அனேக் தமிழ்ல வெயிட்டோட சேர்த்து அகலத்தையும் மாத்திக்கலாம், குறுகலான குண்டு வேணும்னா அது பெஸ்ட். காய்னின்னு ஒண்ணு இருக்கு, உருண்டை உருண்டையா காசு மாதிரி. கேட்டமரான் 900 வரைக்கும் போகும் ஆனா அது குறும்பு கிடையாது, கொஞ்சம் ஆபீஸ் முகம்.

இதையெல்லாம் டவுன்லோட் பண்ணி, பெருசா 300 பாயிண்ட்ல ண, ழ, இ, கூ, ஞ அஞ்சையும் டைப் பண்ணி, அவுட்லைன் மோட்ல பாருங்க. எங்க ஸ்ட்ரோக், அதாவது எழுத்தோட கோடு, மெலியுது, எங்க வளைவு மூலைக்குள்ள சின்னதா வெட்டு விட்டிருக்காங்க, சுழியோட ஓட்டை வட்டமா முட்டையா. ஒரு மணி நேரம் இப்படி உத்துப் பாக்கறது எந்த டுடோரியல் வீடியோவை விடவும் மேல்.

வெளிநாட்டு உதாரணம் ஒண்ணே ஒண்ணு போதும்: கூப்பர் பிளாக். சிகாகோவுல ஆஸ்வால்ட் கூப்பர் வரைஞ்சு 1922-ல வந்தது, நூறு வருஷம் தாண்டியும் ஈஸிஜெட் விமானத்து மேல வரைக்கும் அதுதான் நிக்குது. மூலையெல்லாம் மழுங்கி இருக்கும், இங்கிலீஷ் ஓ-வுக்கு (O) உள்ள இருக்கற ஓட்டை லேசா பின்னாடி சாஞ்சிருக்கும். அவ்வளவுதான் அதோட குறும்பு, மத்ததெல்லாம் ரொம்ப ஒழுக்கமான எழுத்து.

குறும்பு ஒண்ணே ஒண்ணு இருக்கட்டும்

புதுசா பண்றவங்க எல்லாரும் விழற இடம் இது. சுழியை நட்சத்திரமாக்கி, புள்ளியை இதயமாக்கி, காலை வளைச்சு, கொம்புக்கு வால் வெச்சு, எல்லாத்தையும் ஒரே ஃபாண்ட்ல திணிப்பாங்க. தனி எழுத்தா பாத்தா அழகா இருக்கும், "பட்டாசுக் கடை"ன்னு டைப் பண்ணினா திருவிழா கூட்டத்துல தொலைஞ்ச மாதிரி இருக்கும். ஒரு சேட்டை எடுங்க, அதை எல்லா எழுத்துலயும் விடாம பண்ணுங்க. உதாரணத்துக்கு நாலு சொல்றேன், ஒண்ணை மட்டும் எடுத்துக்கோங்க: சுழியோட ஓட்டை எல்லாம் ஒரே பக்கம் சாஞ்சிருக்கறது, எல்லா நேர்கோடும் அடியில கொஞ்சம் பருத்து யானைக்கால் மாதிரி நிக்கறது, மேல் கோடு எல்லாம் நடுவுல லேசா தொங்கறது, இல்ல புள்ளி மட்டும் அளவுக்கு மீறி பெருசா இருக்கறது.

எனக்கு பிடிச்சது கடைசி. ஏன்னா தமிழ்ல புள்ளி இல்லாத வரியே கிடையாது, அதனால அந்த ஒரு சேட்டையே போர்டு முழுக்க தாளம் போடும். அதோட ட் மாதிரி எழுத்துல ட-வுக்கு வலது மேல் மூலை மொத்தமா காலி, புள்ளியை அந்த மூலைக்குள்ள இறக்கி உட்கார வெச்சா "பட்டம்", "கட்டில்" எல்லாம் டக்குன்னு உயிர் வரும். க், த் எல்லாத்துக்கும் மேலதான் வரணும், அங்க விளையாடாதீங்க.

ண-ல ஆரம்பிங்க, க-வுல இல்ல

எல்லாரும் க-வுல, இல்லன்னா அ-வுல ஆரம்பிக்கறாங்க. நல்ல குண்டா, ஜோரா வந்துடும். நாலு நாள் கழிச்சு ண-வுக்கு வரும்போது அந்த தடிமன் உள்ள போகவே போகாது, அப்புறம் மொத்தத்தையும் மாத்தணும்.

கணக்கா சொல்றேன். 1000 யூனிட் (ஃபாண்ட் சாப்ட்வேர்ல இருக்கற சின்ன அளவு) சதுரத்துல வேலை பண்றோம், எழுத்தோட உடம்பு உயரம் ஒரு 550 யூனிட்னு வைங்க. ப-வுக்கு நடுவுல ஒரு படுக்கைக் கோடு போட்டா ரெண்டு இடத்துலதான் வெட்டும். நிமிர்ந்து நிக்கற நேர்கோடு 150 தடிமன்னா ரெண்டுக்கும் சேத்து 300, உள்ள காலி இடம் 260, ஆக 560 அகலம், அழகான குண்டு ப. இப்ப அதே கோட்டை ண மேல போடுங்க, நீங்க வரையற விதத்தைப் பொறுத்து ஆறு ஏழு இடத்துல வெட்டும். ஏழுன்னா 150 வீதம் 1050, நடுவுல ஆறு காலி இடம் 60 வீதம் 360, மொத்தம் 1410. ப-வை விட ரெண்டரை மடங்கு அகலம், பஸ் மாதிரி நீளும். அதனால ண-வுக்குள்ள ஸ்ட்ரோக்கை 115-க்கு இறக்கினா 805, காலி இடம் அதே 360, 1165-ல முடியும். ப-வை விட கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு, கண்ணு ஒத்துக்கும்.

"ஒரே ஃபாண்ட்ல ஒரு எழுத்து 150, இன்னொண்ணு 115-ஆ, தெரியாதா?"ன்னு கேப்பீங்க. தெரியாது. நெருக்கமா நிறைய கோடு இருந்தா கண்ணு அதை கருப்பாதான் எடுத்துக்கும், அதனால மெலிஞ்சது வெளிய தெரியாது. சரியா வந்துருக்கான்னு பாக்க ஸ்க்ரீனை விட்டு நாலடி தள்ளி நின்னு கண்ணை பாதி மூடிக்கிட்டு "கண்ணன்"னு இருக்கறதை பாருங்க, ண் மட்டும் கருப்புத் திட்டா தெரிஞ்சா இன்னும் மெலியணும், வெளிறித் தெரிஞ்சா ஓவரா மெலிச்சுட்டீங்க.

ஓட்டைன்னு சொன்னேனே, டைப் ஆளுங்க அதை கவுண்டர்னு சொல்வாங்க. இந்த மாதிரி குண்டு ஃபாண்ட்ல நீங்க வரையறது கருப்பை இல்ல, கவுண்டரைத்தான். சுழிக்குள்ள இருக்கற கவுண்டர் 60 யூனிட்டுக்கு கீழ போக விடாதீங்க, ஏன் அந்த நம்பர்னு ஸ்டிக்கர் கட்டிங் பத்தி பேசும்போது சொல்றேன். வட்டத்தை விட நிமிர்ந்த முட்டை வடிவம் நல்லது, அகலம் கம்மியா எடுத்துக்கிட்டு வெளிச்சம் அதிகமா விடும்.

கோடு கோட்டோட சேர்ற மூலையில மை தேங்கின மாதிரி கருப்பு கூடும். அங்க ரெண்டு ஸ்ட்ரோக்கும் சேர்றதுக்கு முன்னாடியே ஒவ்வொண்ணையும் கொஞ்சம் மெலிச்சு உள்ள விடுங்க. படுக்கைக் கோடும் நேர்கோடும் ஒரே அளவுல வெச்சா படுக்கைதான் தடிமனா தெரியும், அதனால நேர்கோடு 150-ன்னா படுக்கை 130 சுமார். வட்டமான எழுத்தெல்லாம் அடிக்கோட்டை 10 - 12 யூனிட் தாண்டணும், இல்லன்னா ட, ப பக்கத்துல ஒ மாதிரி எழுத்தெல்லாம் குட்டையா தெரியும். இதெல்லாம் எந்த ஊர் எழுத்துக்கும் பொது, சீக்கிரம் தாண்டிடலாம்.

எத்தனை வரையணும்? 247-ன்னு பயப்படாதீங்க

உயிர் 12, மெய்க்கு அடிப்படை 18, ஆய்தம் 1, தனியா நிக்கற குறிகள் கால், ஒற்றைக்கொம்பு, ரெட்டைக்கொம்பு, ஐகாரக் கொம்பு, ஔகாரக் குறியோட பின்பாதி - 5. இது 36. கொக்கி, சுழிக்கொக்கி வர்ற கி கீ வரிசை 36. கு கூ வரிசை 36. புள்ளி வெச்சது 18. ஆக 126. கிரந்தத்துல ஜ ஷ ஸ ஹ க்ஷ, அதுங்களோட குடும்பம், ஸ்ரீ எல்லாம் சேர்த்தா 150 சொச்சம். கொ, கோ, கௌ எல்லாம் தனியா வரைய வேண்டாம், கொம்பும் காலும் சேர்ந்து தானா வந்துடும்.

இந்த 150-ல நிஜமா மூளையைப் போட்டு வரையறது நாற்பது கூட வராது. கு வரிசையை எடுத்துக்கோங்க, 18-உம் மூணே குடும்பம்தான். ஙு சு பு யு வு - இதுக்கெல்லாம் கீழ ஒரு கோடு இறங்கும். ஞு ணு து நு லு று னு - இதுக்கு வலது பக்கம் கொக்கி மாதிரி மேல ஏறும். கு டு மு ரு ழு ளு - இதுக்கு வளைஞ்சு சுத்திக்கும். ஒவ்வொரு குடும்பத்துலயும் ஒண்ணை ஒழுங்கா பண்ணிட்டா மத்தது ஒட்டு வேலை. ஆனா கூ, சூ ரெண்டும் தனிக்கட்டை, யார் பேச்சும் கேக்காது, அதுக்கு தனியா உட்காரணும். டி, டீ-யும் அப்படித்தான், கொக்கி ட-வோட உடம்புல இருந்தே வளைஞ்சு வரும், மேல ஒட்ட வெச்சா நாடகக் கொட்டகை மீசை மாதிரி தனியா தெரியும்.

நான் போற வரிசை: ண, ப, க, ட, ம, ழ, இ. இந்த ஏழுல நேர்கோடு, வளைவு, சுழி, அடியில தொங்கற வால், திறந்த மூலை எல்லாம் வந்துடுது. ஏழும் ஒரே வீட்டுப் பிள்ளைங்களா தெரிஞ்ச அப்புறம்தான் எட்டாவதுக்குப் போகணும்.

குழப்பற ஜோடிங்க

ஃபாண்ட் குண்டாக ஆக, ஒண்ணை இன்னொண்ணா படிக்கற ஆபத்து கூடும். ண-ன சொல்லிட்டேன், "பனி"யும் "பணி"யும் தூரத்துல இருந்து பிரிஞ்சு தெரியணும். அடுத்தது ர-வும் காலும். வித்தியாசம் ர-வுக்கு அடியில இருக்கற சாய்வு வால்தான், குண்டு ஃபாண்ட்ல பலபேர் அதை இடம் இல்லன்னு குட்டையாக்கிடறாங்க, அப்புறம் "காரம்" எழுதினா ரெண்டு கால் வரிசையா நிக்கற மாதிரி இருக்கும். வாலை தைரியமா நீட்டுங்க. பழைய அச்சுல ர், ரி, ரீ மூணுக்கும் வால் இல்லாம வெறும் கால் வடிவத்தையே போடற வழக்கம் இருந்துச்சு, இன்னிக்கும் சில பேர் போடறாங்க. என் கருத்து, இந்த மாதிரி போர்டு ஃபாண்ட்ல வால் வெச்சே குடுங்க.

எ-ஏ, ஒ-ஓ, ஒற்றைக்கொம்பு-ரெட்டைக்கொம்பு. ரெட்டைக்கொம்போட மேல் சுழி அடைச்சுப் போனா "கோடி" "கொடி" ஆயிடும், லாட்டரி போஸ்டர்ல அது சின்ன விஷயம் இல்ல. கொம்பை தனியா வரைஞ்சு பாத்துட்டு நல்லா இருக்குன்னு விட்டுடாதீங்க, பக்கத்துல ண-வை வெச்சு பாருங்க. ஔ-வுல வர்ற ள மாதிரி பாதியை நிஜ ள-வை விட கொஞ்சம் சின்னதா பண்ணலாம், "ஔவை"யை "ஒளவை"ன்னு படிக்காம இருக்க உதவும். ஈ-யில ரெண்டு புள்ளி இருக்கே, அது மெய்யோட புள்ளியை விட சின்னதா இருக்கணும், இல்லன்னா ஈ-க்கு கண்ணு முளைச்ச மாதிரி இருக்கும். குறும்பு ஃபாண்ட்தானே, கண்ணாவே வெச்சா என்னன்னா, வைங்க, ஆனா மாற்று வடிவமா ஒளிச்சு வைங்க.

மாற்று வடிவம்னதும் ஞாபகம் வருது, 1978-ல தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டு வந்தப்ப மாறினது 13 எழுத்து: ணா றா னா, ணை லை ளை னை, அப்புறம் ணொ ணோ றொ றோ னொ னோ. பழைய வடிவத்துல ணை, லை எல்லாம் யானைத் தும்பிக்கை மாதிரி சுருண்டு வரும். அந்த 13-ஐயும் ஸ்டைலிஸ்டிக் செட்டா, அதாவது வேணும்னா ஆன் பண்ணிக்கற மாற்று வடிவத் தொகுப்பா, உள்ள வெச்சுட்டா, பழைய காலத்து மிட்டாய் டப்பா ஃபீல் வேணும்னு கேக்கற டிசைனர் உங்களை கும்பிடுவார்.

இடைவெளியும் உயரமும்

எழுத்துக்கு நடுவுல இருக்கற இடம் கவுண்டரோட பங்காளி. உள்ள ஓட்டை சின்னதுன்னா வெளிய இடைவெளியும் கம்மியா இருக்கணும், இல்லன்னா எழுத்தெல்லாம் தனித்தனியா கோவிச்சுக்கிட்டு நிக்கும். அதனால டிஸ்ப்ளே ஃபாண்ட்ல டைட்டாதான் வைப்பாங்க. "பபபப"ன்னு டைப் பண்ணி ப-வுக்கு உள்ள இருக்கற வெள்ளையும் ப-வுக்கும் ப-வுக்கும் நடுவுல இருக்கற வெள்ளையும் சண்டை போடாம இருக்கற வரைக்கும் குறைங்க. ட-வுக்கு அடுத்து வர்றதுக்கெல்லாம் கெர்னிங் (குறிப்பிட்ட ஜோடி எழுத்துக்கு நடுவுல இடைவெளியை சரி பண்றது) கட்டாயம், அந்த திறந்த மூலை பெரிய பள்ளமா தெரியும். "ட்ட", "ட்டை", "டா" இதையெல்லாம் கையால சரி பண்ணுங்க.

உயரத்துல தமிழ் ஃபாண்ட் சொதப்பற மாதிரி வேற எங்கயும் சொதப்பறதில்ல. மேல கீ, ஷீ ஏறும், கீழ ழு, ரூ, ஸ்ரீ இறங்கும். விண்டோஸ்க்குன்னு ஃபாண்ட்ல தனியா ஒரு மேல்-கீழ் அளவு உண்டு, அந்த எல்லைக்கு வெளிய போற பாகத்தை நிறைய ப்ரோக்ராம் ஈவு இரக்கம் இல்லாம வெட்டிடும். உங்க ஃபாண்ட்ல இருக்கற உயரமான எழுத்தையும் ஆழமான எழுத்தையும் அளந்து, அதுக்கு மேல கொஞ்சம் காத்து விட்டு அந்த நம்பரை போடுங்க. புள்ளியை பெருசா வெக்கற சேட்டையை எடுத்திருந்தீங்கன்னா இது இன்னும் முக்கியம்.

எழுத்தை சேர்த்து வைக்கற ப்ரோக்ராம் விதிகள்

பயப்படற அளவுக்கு ஒண்ணும் இல்ல. கெ, கே, கை-யில கொம்பு முன்னாடி வர்றதையும், கொ, கோ-வுல ரெண்டா உடையறதையும் நீங்க பண்ண வேண்டாம், ஆண்ட்ராய்டு, குரோம், ஃபயர்ஃபாக்ஸ் எல்லாத்துலயும் இருக்கற ஹார்ஃப்பஸ் மாதிரி எஞ்சின் பாத்துக்கும். உங்க வேலை, க-வும் கொக்கியும் வந்தா கி-ன்னு நீங்க வரைஞ்ச ஒரே வடிவத்தை மாத்திப் போடுங்கற விதியை எழுதறது. கி கீ கு கூ, புள்ளி வெச்ச மெய், க்ஷ, ஸ்ரீ - இதுக்கு மட்டும்தான் விதி. இந்த விதி எந்த மொழி எழுத்துக்குன்னு சொல்ற ஸ்கிரிப்ட் டேக் பழசு ஒண்ணு புதுசு ஒண்ணுன்னு தமிழுக்கு ரெண்டு உண்டு, ரெண்டுலயும் பதிவு பண்ணிடுங்க, பழைய சாப்ட்வேர்ல உடையாம இருக்கும். அப்புறம் புள்ளிக்கோட்டு வட்டம்னு ஒரு கிளிஃப் (ஃபாண்ட்ல இருக்கற ஒரு தனி வடிவம்) வேணும், தனியா குறி டைப் பண்ணும்போது வர்ற அந்த வட்டம், அதையும் உங்க ஸ்டைல்லயே வரைஞ்சு வைங்க, இல்லன்னா வேற ஃபாண்ட்ல இருந்து எடுத்துப் போட்டு அசிங்கமா இருக்கும்.

சாப்ட்வேர் கேட்டீங்கன்னா, மேக் இருக்கறவங்க கிளிஃப்ஸ் வாங்கலாம், காசு குடுக்க முடியலன்னா ஃபாண்ட்ஃபோர்ஜ் ஃப்ரீ, முகம்தான் கரடுமுரடு. வேரியபிள் ஃபாண்ட் (ஒரே ஃபைல்ல தடிமனை ஏத்தி இறக்கிக்கற ஃபாண்ட்) பண்ண ஆசைன்னா ஒல்லி ண-வுலயும் குண்டு ண-வுலயும் அவுட்லைன் புள்ளிகளோட எண்ணிக்கை, வரிசை, ஆரம்பிக்கற இடம் மூணும் ஒண்ணா இருக்கணும், இல்லன்னா நடுவுல எழுத்து கசங்கிடும். முதல் ஃபாண்ட்டுக்கு ஒரே ஒரு குண்டு வெயிட் போதும்ங்கறது என் அபிப்பிராயம்.

இங்கிலீஷ் எழுத்தும் வேணும், ஆனா அதுக்கு நிறைய பேசப் போறதில்ல. தமிழ் உடம்பு உயரம் இங்கிலீஷ் சின்ன எழுத்துக்கும் கேப்பிட்டலுக்கும் நடுவுல எங்கயாவது உட்காரட்டும். நம்பர்ல மட்டும் உயிரைக் குடுங்க. இந்த ஃபாண்ட் வாங்கறவங்க முதல்ல டைப் பண்றது ₹99-தான். ₹ குறி இல்லாம ஃபாண்ட் விடறதுக்கு விடாமலே இருக்கலாம்.

டெஸ்ட் பண்ற வார்த்தைங்க

அகரவரிசையை டைப் பண்ணி பாத்தா எதுவும் தெரியாது. மண்ணெண்ணெய் - நாலு ண, நடுவுல ரெண்டு கொம்பு, இதுல பாஸானா பாதி பாஸ். தூத்துக்குடி - தூ, து, கு, டி நாலும் ஒரே இடத்துல. கொழுக்கட்டை - ழு அடியில தொங்கறது, ட்டை-யில கெர்னிங். ஜிகர்தண்டா - கிரந்தம், ர், டா. சாராயம் - காலும் ர-வும். அப்புறம் ஞாயிறு, நுங்கு, சூடு, கூழ், ஸ்ரீ, ஔவை, ஃபலூடா. மேல ஒரு வரியில ழு வர்ற மாதிரியும் அதுக்கு நேர் கீழ் வரியில கீ வர்ற மாதிரியும் வெச்சு ரெண்டும் இடிச்சுக்குதான்னு பாருங்க.

இனி பயன்படுத்தறவங்களுக்கு

இந்த மாதிரி ஃபாண்ட் தலைப்புக்கு, நாலஞ்சு வார்த்தைக்கு. பத்தி முழுக்க போட்டீங்கன்னா படிக்கறவன் பாதியில ஓடிடுவான். கீழ இருக்கற விவரத்துக்கு முக்தா மலர், நோட்டோ சான்ஸ் தமிழ் மாதிரி சாதுவான ஒண்ணைப் போடுங்க, ரெண்டு குறும்பு ஃபாண்ட்டை பக்கத்துல உட்கார வைக்காதீங்க. பிரியாணிக் கடை, குழந்தைங்க புக், ஸ்கூல் ஆண்டுவிழா, பட்டாசு, ஐஸ்கிரீம், யூடியூப் தம்நெயில் எல்லாம் ஓகே. கண்ணீர் அஞ்சலி பிளெக்ஸ்ல தயவுசெஞ்சு வேண்டாம், நான் பாத்திருக்கேன், இறந்தவரே எழுந்து கேள்வி கேப்பார்.

வெப்ல போடும்போது லைன்-ஹைட் (வரிக்கு வரி உயரம்) எழுத்து சைஸோட 1.4 மடங்குக்கு கீழ இறக்காதீங்க, 24 பிக்சலுக்கு கீழ சைஸும் வேண்டாம். ஃபைலை சின்னதாக்கறேன்னு சப்செட் பண்ணும்போது, அதாவது வேண்டாத எழுத்தை வெட்டும்போது, தமிழ் எழுத்தை மட்டும் வெச்சுட்டு அந்த மாத்திப்போடற விதிகளை தூக்கிடறாங்க, அப்புறம் கி எல்லாம் க-வும் கொக்கியுமா பிரிஞ்சு நிக்கும். விதிகளை வெச்சே சப்செட் பண்ணுங்க, கூடவே ₹ குறி, புள்ளிக்கோட்டு வட்டம் ரெண்டையும் விடாதீங்க.

இல்லஸ்ட்ரேட்டர், இன்டிசைன்ல தமிழ் உடைஞ்சு வந்தா ஃபாண்ட்டைத் திட்டறதுக்கு முன்னாடி பாராகிராஃப் செட்டிங்ஸ்ல போய் கம்போசரை மாத்துங்க. இன்டிசைன்ல வேர்ல்டு-ரெடி, இல்லஸ்ட்ரேட்டர்ல மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏஷியன்னு இருக்கும், அது ஆன் பண்ணினா கொம்பு தானா இடத்துக்கு வந்துடும். எழுத்துக்கு நடுவுல ட்ராக்கிங் கூட்டாதீங்க, சில சாப்ட்வேர்ல க-வுக்கும் காலுக்கும் நடுவுலயே இடைவெளி விழுந்து கா ரெண்டா போயிடும்.

அவுட்லைன் போடறதுன்னா வெளிப்பக்கம் மட்டும் போடுங்க. நடுவுலயோ உள்பக்கமோ ஸ்ட்ரோக் வெச்சா, டிசைனர் கஷ்டப்பட்டு காப்பாத்தின சுழி ஓட்டையெல்லாம் நீங்களே அடைச்சுடறீங்க. தம்நெயிலா, முடிச்சதும் 120 பிக்சல் அகலத்துக்கு சின்னதாக்கி பாருங்க, போன்ல ஜனங்க பாக்கறது கிட்டத்தட்ட அந்த சைஸ்லதான்.

பிளெக்ஸ் போர்டுக்கு சைன்போர்டுக்காரங்க சொல்ற கணக்கு ஒண்ணு உண்டு: வசதியா படிக்க பத்தடி தூரத்துக்கு ஒரு இன்ச் எழுத்து உயரம். ரோட்டுக்கு அந்தப் பக்கம் 60 அடியில இருந்து படிக்கணும்னா ஆறு இன்ச். அது சாதாரண எழுத்துக்கு, சுழி நிறைஞ்ச குண்டு தமிழுக்கு இன்னும் ஒரு இன்ச் சேத்துக்கோங்க, நஷ்டம் இல்ல.

கடைக்கு ஃபைல் குடுக்கும்போது "கர்வ் பண்ணி குடுங்க"ன்னு, அதாவது எழுத்தை ஃபாண்ட் தேவைப்படாத வெறும் வடிவமா மாத்திக் குடுங்கன்னு, அவங்களே சொல்வாங்க. நிறைய கடையில இன்னும் பாமினி, ஸ்ரீலிபி மாதிரி யூனிகோடுக்கு முந்தின பழைய என்கோடிங்லதான் டைப் பண்றாங்க, உங்க யூனிகோடு ஃபாண்ட்டை அங்க இன்ஸ்டால் பண்ணச் சொல்லி மல்லுக்கட்டாம கர்வ் பண்ணின பிடிஎஃப் குடுத்துடறது நல்லது. ஆனா கர்வ் பண்ணினதோட வேலை முடியல. வேரியபிள் ஃபாண்ட்ல எழுத்தோட பாகங்க ஒண்ணு மேல ஒண்ணு ஏறி இருக்கும், உடம்பு ஒரு துண்டு, கொக்கி ஒரு துண்டுன்னு. கருப்பு நிரப்பி பிரிண்ட் போட்டா தெரியாது. ரேடியம் ஸ்டிக்கர் கட்டிங்குக்கு போச்சுன்னா பிளாட்டரோட (ஸ்டிக்கர் வெட்டற மெஷின்) கத்தி அந்த மறைஞ்ச கோட்டையும் நம்பி வெட்டும், வேன் பின்னாடி ஒட்டினா எழுத்துக்கு நடுவுல கீறல் ஓடும், மழையில முதல்ல உரியறது அந்த இடம்தான். துண்டுகளை ஒண்ணாக்க கோரல்ல வெல்டு, இல்லஸ்ட்ரேட்டர்ல யுனைட், ஒரு க்ளிக், மறக்காதீங்க. ஃபாண்ட் பண்றவங்களும் தனி வெயிட்டா எக்ஸ்போர்ட் பண்ணும்போது ஓவர்லாப்பை நீக்கிட்டே குடுங்க.

அந்த 60 யூனிட் கணக்குக்கு இப்ப வரேன். வெட்டின அப்புறம் ஸ்டிக்கர் பையன் ஊசியால ஓட்டைக்குள்ள இருக்கற துணுக்கை ஒண்ணொண்ணா நோண்டி எடுப்பான். 550 உயர எழுத்து ஒரு இன்ச்னா, 60 யூனிட் ஓட்டை கிட்டத்தட்ட 2.8 மில்லிமீட்டர், அழகா வந்துடும். அரை இன்ச்னா 1.4, பொறுமை இருந்தா வரும். ஓட்டை 30 யூனிட்தான்னா அரை இன்ச்ல 0.7, அந்தத் துணுக்கை எடுக்கப் போனா ண-வோட ஒரு சுழியே சேர்ந்து வந்துடும், இல்லன்னா அவன் எடுக்காமலே விட்டுடுவான், ஆட்டோ பின்னாடி "அண்ணன்" கருப்பா அடைச்சுக்கிட்டு போகும்.

வெளியிடறப்ப

ஃப்ரீயா விடறதுன்னா எஸ்ஐஎல் ஓப்பன் ஃபாண்ட் லைசென்ஸ் போடுங்க, கூகுள் ஃபாண்ட்ஸ்ல பெரும்பாலானது அதுதான். யார் வேணும்னாலும் வியாபாரத்துக்கு யூஸ் பண்ணலாம், மாத்தலாம், ஆனா ஃபாண்ட்டை மட்டும் தனியா விக்க முடியாது, மாத்தி வெளியிட்டாலும் அதே லைசென்ஸ்லதான் விடணும். பேரை ரிசர்வ் பண்ணி வெச்சா, மாத்தினவங்க உங்க பேர்ல விட முடியாது. காசுக்கு விக்கறதுன்னா பிளெக்ஸ் கடை எத்தனை கம்ப்யூட்டர்ல போடலாம், ஆப்ல வெக்கலாமா, லோகோவுக்கு தனி காசாங்கறதை சின்ன தமிழ் வாக்கியத்துல எழுதி கூடவே குடுங்க, இங்கிலீஷ் லைசென்ஸை எந்தக் கடையிலயும் யாரும் படிக்கறதில்ல. சாம்பிள் படம் போடும்போது "தமிழ் வாழ்க"ன்னு போடாம விலைப்பட்டியல் ஒண்ணு போடுங்க: பரோட்டா ₹15, கொத்து ₹90, கலக்கி ₹20. வாங்க வர்றவருக்கு தன் கடை போர்டு எப்படி இருக்கும்னு அதுலயே தெரிஞ்சுடும்.